வேகமும் ஓய்வும்: விரைவோட்டப் பயிற்சி பற்றி ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில், அரங்குளநாதர் ஆலயத்தால் பெயர்பெற்றதும் இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்குவதுமான திருவரங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த செம்மண் கிராமங்களையும் கடந்து விடியற்காலையில் செல்கிறவர்கள், சாலையோரமாக மூச்சிரைக்க ஓடும் இளைஞர்களைக் காண்பது அரிதன்று. காவலர் தேர்வையோ இராணுவ ஆள்சேர்ப்பையோ மனத்திற்கொண்டு ஓடுகிற அவர்களுடைய அப்பியாசம் முழுவதையும், 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளே நிர்ணயிக்கின்றன. அந்த நோக்கத்துக்கு அந்த அப்பியாசம் பொருத்தமானதுதான். ஆனால், குறுவட்டப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் பள்ளிச் சிறுமிக்கும், “நாலு ரவுண்டு ஓடிட்டு வா” என்ற கட்டளையே பயிற்சியின் தொடக்கமாகவும், பல சமயங்களில் முடிவாகவும் அமைந்துவிடுகிறது. ஒருவரை முன்னிலும் வேகமாக ஓடச் செய்வது எவ்வாறு என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக விஞ்ஞானிகளும் பயிற்சியாளர்களும் அளித்துவந்த விடைகளைத் தொகுத்து, அவற்றுள் நம்முடைய சூழ்நிலைக்கு எவை பயன்படும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எழுவது பிறவியைப் பற்றிய விவாதம். வேகம் பிறப்பிலேயே வாய்ப்பது, அதைக் கற்பிக்க இயலாது என்ற அபிப்பிராயம் மிகப் பழையது. அதற்கு ஆதாரமும் உண்டு. நம் தசைநார்களுள் விரைந்து சுருங்கி விரைவில் களைப்பவை ஒருவகை. மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை மற்றொருவகை. இவ்விரண்டின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதும், அந்த வேறுபாட்டில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் மறுக்கப்படாத விஷயங்கள். ஏ.சி.டி.என்.3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் சிறந்த விரைவோட்டக்காரர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது என்று 2003-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஆயினும், அதே வடிவத்தை உடைய கோடிக்கணக்கானவர்கள் ஒருநாளும் பந்தயத்தில் ஓடாமலே வாழ்ந்து மறைகிறார்களாதலால், அந்த மரபணுவைக் கொண்டு நாளைய வீரரைப் பொறுக்கி எடுத்துவிட முடியாது. பிறவி ஓர் உச்சவரம்பை விதிக்கலாம். அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பல ஆண்டுப் பயிற்சியும் பல போட்டிகளும் அன்றி வேறெதுவும் காட்டாது.

ஜமைக்காவின் உதாரணம் இதை விளக்கும். தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அத்தீவு உலகின் அதிவேக மனிதர்களைத் தொடர்ந்து தந்துவருவதற்கு இரத்தத்தின் குணத்தையே காரணமாகச் சொல்லிவிடுகிறவர்கள், அங்கே 1910 முதல் நடந்துவரும் பள்ளிச் சிறுவர்களுக்கான தடகளப் பெருவிழாவை மறந்துவிடுகிறார்கள். நாடே திரண்டு வந்து பார்க்கும் அந்த விழாவில் ஓடுவதற்காக ஒவ்வொரு பள்ளியும் ஆண்டு முழுவதும் ஆயத்தம் செய்கிறது. வேகமுள்ள குழந்தை கண்ணில் படாமல் போவது அங்கே துர்லபம். மேலும், 1999-இல் ஸ்டீபன் பிரான்சிஸ் முதலியோர் தொடங்கிய எம்.வி.பி. என்ற கழகம், கிங்ஸ்டன் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் புல்தரையில் பயிற்சியளித்தே அசஃபா பவலையும் ஷெல்லி-ஆன் ஃபிரேசரையும் உலகத்துக்கு அளித்தது. விலையுயர்ந்த தடம் இல்லையே என்று ஏங்குகிற நம்மவர்கள் இந்தப் புல்தரையைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இனி, 100 மீட்டர் ஓட்டத்தையே பகுத்துப் பார்ப்போம். 2009 ஆகஸ்டு 16-ஆம் நாள் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடியபோது, முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடியும், அடுத்தடுத்த 20 மீட்டர்களுக்கு முறையே 1.75, 1.67, 1.61, 1.66 வினாடிகளும் ஆயின. துப்பாக்கி ஒலித்தது முதல் அவர் உடல் இயங்கத் தொடங்கியதற்கு இடைப்பட்ட 0.146 வினாடியும் அந்த முதற்கணக்கில் அடக்கம். இந்த ஐந்து எண்களுக்குள் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. புறப்படுவது ஒரு வித்தை. வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது இரண்டாவது. உச்சவேகத்தை எட்டுவது மூன்றாவது. அதை இழக்காமல் காப்பது நான்காவது. உலகத்திலேயே மிக வேகமாக ஓடிய மனிதரும் கடைசி 20 மீட்டரில் சிறிது தளர்ந்தே இருக்கிறார். கடைசியில் சீறிப் பாய்ந்து முந்தியதாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றுகிறவர், உண்மையில் மற்றவர்களைக்காட்டிலும் குறைவாகத் தளர்ந்தவரே. பள்ளிச் சிறுவர்களோ 30, 40 மீட்டரிலேயே தங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுவதால், எஞ்சிய தூரம் முழுவதும் அவர்களுக்குத் தளர்ச்சியோடு நடக்கும் போராட்டமே. ஆகையால், அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது முடுக்கத்தை நீட்டிக்கும் பயிற்சி.

அந்த வேகம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அளவிட முயன்ற முன்னோடிகளுள் ஒருவர், நோபல் பரிசு பெற்ற ஆங்கில சரீர சாஸ்திரி ஏ.வி. ஹில். 1920-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஓடுகிறவர் உடலில் ஒரு காந்தத்தைக் கட்டி, தடத்தின் ஓரமாகக் கம்பிச் சுருள்களை நிறுத்தி, ஒவ்வொரு சுருளையும் அவர் கடக்கும்போது எழும் மின்னோட்டத்தைப் பதிவு செய்து, ஓட்டத்தின் இடையிடையே வேகம் மாறுவதை அவர் கணித்தார். பல ஆண்டுகளுக்குப் பின், 2000-இல், பீட்டர் வேயண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி பலருடைய நம்பிக்கையைக் குலைத்தது. வேகமாக ஓடுகிறவர் காலை வேகமாக வீசுகிறார் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் வேகமானவரும் மெதுவானவரும் தத்தம் உச்சவேகத்தில் ஓடும்போது காலைக் காற்றில் முன்கொணர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஒன்றே என்றும், வேகமானவர் தரையை அதிக வலிமையோடு அழுத்துவதே வித்தியாசம் என்றும் அவர்கள் கண்டார்கள். சிறந்த ஓட்டக்காரருடைய பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையைத் தொட்டிருப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். அந்தச் சொற்ப அவகாசத்துக்குள் தன் உடல் எடையின் சில மடங்கு விசையை அவர் நிலத்தின்மேல் செலுத்தியாகவேண்டும். பின்னர் ழான்-பெனுவா மோரின் முதலிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், புறப்படும் கட்டத்தில் விசையின் அளவைக்காட்டிலும் அதன் திசையே முக்கியம் என்றும், உடலை முன்சாய்த்துத் தரையைப் பின்னோக்கித் தள்ளத் தெரிந்தவரே முந்துகிறார் என்றும் காட்டினார்கள்.

இவற்றிலிருந்து பயிற்சிக்குக் கிடைப்பன இரண்டு. கால்களுக்கும் இடுப்புக்கும் பலம் வேண்டும். அந்தப் பலம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெளிப்படவும் வேண்டும். முன்னதற்குப் பளு தூக்குதலும் மேடேறி ஓடுதலும், பின்னதற்குத் தாவுதல், குதித்தல் வகையைச் சேர்ந்த பயிற்சிகளும் உதவுகின்றன. உயரத்திலிருந்து குதித்துத் தரையைத் தொட்டவுடன் மறுபடி எழும்பும் முறையை 1960-களில் சாஸ்திரீயமாக வகுத்த பெருமை சோவியத் நாட்டு யூரி வெர்கோஷான்ஸ்கியைச் சாரும். நல்ல அடித்தளப் பலம் இல்லாத சிறுவர்களுக்கு அதை அப்படியே விதிப்பது முழங்காலுக்குக் கேடு. தரைமட்டத்தில் நொண்டியடிப்பதும், கயிறு தாண்டுவதும், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதும் அவர்களுக்குப் போதுமானவை. மணலில் ஓடினால் வேகம் வரும் என்ற நம்பிக்கையோ பாதியளவுதான் உண்மை. மணல் காலின் பலத்தை வளர்க்கும். ஆனால் பாதம் புதைந்து, தரையைத் தொட்டிருக்கும் நேரம் நீளுவதால், விரைவோட்டத்துக்கு இன்றியமையாத துள்ளலை அது கற்பிக்காது.

இத்தனைக்கும் மேலாக, நம்முடைய மைதானங்களில் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது ஓய்வைப் பற்றிய ஞானமே. முழுவேகத்தில் ஓடும்போது தசை தன்னிடம் ஆயத்தமாகச் சேமித்து வைத்திருக்கும் ஒரு ரசாயன சக்தியைச் செலவிடுகிறது. அது ஏழெட்டு வினாடிகளுக்கே தாங்கும். செலவான சக்தி திரும்ப நிரம்புவதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். கோடைக்காலத்தில் நம் ஊர்க் கிணற்றில் ஊற்று ஊறுவதற்குமுன் வாளியை விட்டால் சேறுதான் வரும். சக்தி ஊறுவதற்குமுன் ஓடவைத்தாலும் அவ்வாறே, ஓட்டம் நடைபெறும், வேகம் வராது. அரை நிமிஷ இடைவெளியில் பத்து முறை 100 மீட்டர் ஓடுகிற பையன் வியர்வையில் நனைகிறான். பார்ப்பவர்களும் “நல்ல பயிற்சி” என்கிறார்கள். ஆனால் மூன்றாவது ஓட்டத்திலிருந்து அவன் மெதுவாக ஓடுவதையே பழகிக்கொண்டிருக்கிறான். வேகம் நரம்புகளுக்கும் தசைகளுக்கும் இடையேயுள்ள ஓர் ஒழுங்கு. களைத்த உடல் எந்த ஒழுங்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்றுக்கொள்ளும்.

ஆகவே, அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் ஓடும் தூரத்தில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிஷம் ஓய்வு என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாலைநேரத்துப் பயிற்சி இவ்வாறு அமையலாம்: கால்மணி நேரம் மெல்ல ஓடி, மூட்டுகளைச் சுழற்றி, முழங்காலை உயர்த்தி நடந்து உடலைச் சூடேற்றுதல், பிறகு முக்கால் வேகத்தில் இரண்டு ஓட்டங்கள், அப்பால் 30 மீட்டர் முழுவேகத்தில், மும்மூன்று நிமிஷ இடைவெளியோடு நான்கைந்து முறை. ஸ்டாப்வாட்சைப் பிடித்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொரு நேரத்தையும் குறித்துக்கொண்டு, முதல் ஓட்டத்தைவிட நேரம் தெளிவாகக் கூடத் தொடங்கியதும் அன்றைய வேக அப்பியாசத்தை நிறுத்திவிடவேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் ஓடத் தெம்பு இருக்கும். ஓட ஆசையும் இருக்கும். அப்போது நிறுத்துவதற்குத்தான் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும்.

எனினும், ஓய்வே சகலமும் என்று முடிவுகட்டுவதற்கும் இடமில்லை. 1979-இல் மெக்சிகோ நகரத்தில் 200 மீட்டரை 19.72 வினாடியில் ஓடி, ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் அழியாத உலக சாதனையை நிறுவிய இத்தாலியர் பியெத்ரோ மென்னேயா, தம் குரு கார்லோ விட்டோரியின் கீழ் மற்றவர்கள் அஞ்சும் அளவுக்கு மிகுதியான ஓட்டங்களை ஓடியே உயர்ந்தவர். இதற்கு மாறாக, கலிபோர்னியாவில் பட் வின்டர் என்ற ஆசிரியர், தாடையையும் கைகளையும் தளர்த்தி இறுக்கமின்றி ஓடுவதையே வேகத்தின் ரகசியமாகக் கற்பித்து உலகப் புகழ்பெற்ற வீரர்களை உருவாக்கினார். போலந்து நாட்டு ஜெரார்டு மாக், ஓட்டத்தின் அசைவைத் துண்டுதுண்டாகப் பிரித்து, முழங்கால் உயர்த்துதல் முதலிய பயிற்சிகளாக வகுத்தார். இன்று நம் மைதானங்களில் பி.இ.டி. ஆசிரியர்கள் ‘டிரில்’ என்று சொல்லிச் செய்விக்கும் பலவற்றுக்கு மூலம் அவருடைய முறையே. கனடாவின் சார்லி பிரான்சிஸ், கடும்வேக நாட்களையும் மிக இலகுவான நாட்களையும் கண்டிப்பாகப் பிரித்து, நடுத்தர வேகத்தில் ஓடுவதை ஏறக்குறைய விலக்கிவைத்தார். குறுகிய தூரத்தில் தொடங்கி நீட்டிச் செல்வதா, நீண்ட தூரத்தில் தொடங்கிக் குறுக்கி வருவதா என்ற வாதம் இன்றும் தீரவில்லை. 400 மீட்டர் ஓட்டக்காரருக்குத் தாங்கும் சக்தி மிகுதியாக வேண்டும் என்பதும், 100 மீட்டர்க்காரருக்கு அது அளவோடு போதும் என்பதும் மட்டும் எல்லாருக்கும் ஒப்பமுடிந்தவை.

இந்த ஒப்பமுடிந்த செய்தியை வைத்துக்கொண்டு தமிழர்களுடைய ஓட்ட வரலாற்றைப் பார்ப்பது பயனுடையது. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம் வென்றவர் மலேசியத் தமிழர் மணி ஜெகதீசன். புகைப்படத்தைக் கொண்டு தீர்மானிக்கவேண்டிய அளவுக்கு அவரை நெருங்கி வந்து வெள்ளி பெற்றவர் சிங்கப்பூர்த் தமிழர் கனகசபை குணாளன். முன்னவர் வைத்தியர், பின்னவர் ஆசிரியர், கால்பந்தாட்டத்திலிருந்து டான் எங் யூன் என்ற பயிற்சியாளரால் ஓட்டத்துக்கு ஈர்க்கப்பட்டவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியிலும், குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியிலும் ஓடினார்கள். முன்னதை மலேசியாவில் முறியடிக்க 2017 வரையிலும், பின்னதைச் சிங்கப்பூரில் முறியடிக்க 2001 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி குறைந்த இடத்தில் இருப்பது. ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தடம் விரிக்கப்பட்டதும் அங்கேதான். இவ்விரண்டு அனுகூலங்களையும் கழித்துப் பார்த்தாலும், தொழில் பார்த்துக்கொண்டே ஓடிய அவ்விருவரின் சாதனை மகத்தானது.

தாய்த்தமிழகத்தில், 1978-இல் அதே பாங்காக்கில் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் பெற்ற ராமசாமி ஞானசேகரனின் பெயரை இன்றைய பிள்ளைகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. அவருக்குப் பின் நம் மாநிலம் பெற்ற புகழில் பெரும்பங்கு 400 மீட்டரைச் சார்ந்ததே: லால்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் பெற்றார், 2023-இல் புடாபெஸ்டில் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்த இந்தியத் தொடரோட்டக் குழுவில் ராஜேஷ் ரமேஷ் இருந்தார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ், 1984-இல் பி.டி. உஷா லாஸ் ஏஞ்சல்ஸில் ஓடிய 55.42 வினாடி என்ற 400 மீட்டர் தடையோட்ட தேசிய சாதனையைச் சமன்செய்து, இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார். 100 மீட்டரிலோ, ஒடிசாவுக்காக ஓடும் அனிமேஷ் குஜூர் 2025 ஜூலையில் 10.18 வினாடியில் ஓடித் தேசிய சாதனை நிறுவியபோதுகூட, இந்தியர் எவரும் 10 வினாடிக் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை. இதற்குக் காரணம் பலவாகலாம். எனினும், பிள்ளைப் பருவம் முதல் சுற்றுச்சுற்றாக ஓடவைத்துத் தாங்கும் சக்தியையே வளர்க்கும் நம் வழக்கம், 400 மீட்டருக்கு ஓரளவு உதவி, 100 மீட்டருக்கு ஊறு செய்கிறது என்று கருதுவது தவறாகாது.

விதிவிலக்காக, திருச்சிராப்பள்ளியை அடுத்த கிராமத்தைச் சேர்ந்த தனலட்சுமி சேகர், 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த தேசியப் போட்டித்தொடரில் 100 மீட்டரை 11.39 வினாடியில் ஓடி, தேசிய சாதனையாளர் துத்தி சந்தையே முந்தினார். 200 மீட்டரில் 23.26 வினாடியில் ஓடி, அப்போட்டித்தொடரில் 1998 முதல் நிலைத்திருந்த உஷாவின் சாதனையையும் கடந்தார். அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் அவர் தவறியதும், தடைவிதிக்கப்பட்டதும் இந்த வரலாற்றின் துயரமான பக்கம். 1988-இல் சியோலில் 9.79 வினாடியில் ஓடிய பென் ஜான்சனின் பதக்கம் பறிக்கப்பட்டபோது, அவருடைய குருவாகிய மேற்சொன்ன சார்லி பிரான்சிஸின் கீர்த்தியும் அதனோடு சரிந்தது. வேகம் அங்குலம் அங்குலமாகவே வளரும் என்ற பொறுமை குருவுக்கும் சிஷ்யருக்கும் இல்லாத இடத்தில் மருந்து நுழைந்துவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனை விட்டுவிட இயலாது. அவருடைய ஓட்டம் 800 மீட்டர். விரைவோட்டத்தின் எல்லைக்குச் சற்று வெளியே இருப்பது. ஆயினும், செங்கற்சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்து, வறுமையில் வளர்ந்து, 2006-இல் தோஹாவில் ஆசிய வெள்ளி வென்ற அவர், பாலினச் சோதனையின் பெயரால் பதக்கத்தை இழந்து, மானம் குலைக்கப்பட்டு, பின்பு தாமே பயிற்சியாளராகிப் பிறரை ஓடவைத்த வரலாறு, பயிற்சியைப் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் இரண்டு உண்மைகளை நினைவூட்டுகிறது. வயிறு நிறையாத உடல் பயிற்சியால் வளர்வதற்கு மாறாகத் தேய்ந்துபோகும் என்பது ஒன்று. தானியத்தோடு முட்டையும் பயறும் கடலையும் சேராத உணவை உண்டு பளுத்தூக்குவது, வேலிக்குள் பயிரில்லாத காவலே. ஓடுகிறவரைப் பாதுகாக்கவேண்டிய அமைப்புகளே அவரைக் கைவிடக்கூடும் என்பது மற்றொன்று. ஆதலால், பெண் பிள்ளைகளை ஓட்டத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு எழும் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இவை அனைத்தையும் தொகுத்துத் திருவரங்குளம் போன்ற ஊருக்கு எவ்வாறு பொருத்துவது? சமதளமாக 60 மீட்டர் நேர்நிலம், சுண்ணாம்புக் கோடு, ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டுப்புத்தகம் ஆகிய நான்குமே முதல் தேவைகள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் பயிற்சி அநாவசியம். கோட்டின்மேல் காத்துநிற்கும் ‘கிளி’யை ஏமாற்றிக் கட்டத்துக்குக் கட்டம் பாயும் கிளித்தட்டும், மூச்சடக்கிப் பாய்ந்து திரும்பும் சடுகுடுவும் திடீர்ப் புறப்பாட்டையும் திசைமாற்றத்தையும் எந்த நிபுணரையும்விட நன்றாகக் கற்பிக்கும். பதின்மூன்று முதல் பதினைந்து வரை, வாரத்தில் மூன்று நாள் முன்சொன்ன குறுந்தூர ஓட்டங்களும் தாவல்களும் போதும். இடைநாட்களில் விளையாட்டோ ஓய்வோ இருக்கட்டும். பதினாறுக்குமேல், தகுந்த மேற்பார்வையோடு பளுப்பயிற்சியும், தொடையின் பின்தசையைப் பலப்படுத்தும் அப்பியாசங்களும் சேரவேண்டும். விரைவோட்டக்காரர்களைப் பந்தயத்தின் நடுவில் நொண்டவைப்பது பெரும்பாலும் அந்தத் தசையின் கிழிசலே. கையால் பிடிக்கும் கடிகாரம் மின்கடிகாரத்தைவிட ஏறத்தாழ கால் வினாடி குறைத்தே காட்டும் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருந்தால், மாநிலப் போட்டியில் பிள்ளை ‘மெதுவாக’ ஓடிவிட்டதாக வீணே மனம் நோக நேராது.

போட்டிகளின் எண்ணிக்கையும் பெருகவேண்டும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஆண்டுக்கொருமுறை ஏறும் படிகளில் முதற்படியிலேயே தோற்ற பிள்ளைக்கு அடுத்த பந்தயம் ஓராண்டுக்குப் பின்புதான். அதற்குள் அது ஓட்டத்தையே மறந்துவிடும். மாதத்துக்கொரு சனிக்கிழமை, ஒன்றியத்துப் பள்ளிகள் ஒரே மைதானத்தில் கூடி, 30 மீட்டரும் 60 மீட்டரும் ஓடவிட்டு, ஒவ்வொருவரும் தம்முடைய சென்ற மாத நேரத்தோடு போட்டியிடும்படி செய்தால், செலவு சொற்பம், பயனோ பெரிது. 1920-இலேயே ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, உடற்கல்விக்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றும் மரபைத் தொடங்கிவைத்த மாநிலம் இது. அந்த மரபில் வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் பதக்கங்களின் கணக்கை மட்டும் கேட்டுவந்த நாம், இனி நோட்டுப்புத்தகத்தில் பதிந்த நேரங்களின் கணக்கையும் கேட்போமாயின், எந்தப் பிள்ளை எவ்வளவு ஓடியது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஓடியது என்பதே மைதானத்தின் முதற்கேள்வியாகும். அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கும் பள்ளியில், ரவுண்டு அடிப்பது தானாகவே குறையும்.